ஆர்கேட் பெட்டிக்குப் பழைய 20 இன்ச் டெல் மானிட்டர்: எட்டு மாதம் ஆடிய பிறகு

வீட்டில் ஆர்கேட் பெட்டி, அதாவது அந்தக் காலத்தில் கடைகளில் நின்றபடி ஆடிய வீடியோ கேம் பெட்டி, செய்ய ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் ஜாய்ஸ்டிக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். எந்தப் பட்டன் நன்றாகச் சொடுக்கும், எது சத்தம் போடாது, உள்ளே விளக்கு எரியுமா என்று வாரக்கணக்கில் தேடுவார்கள். திரை என்று வரும்போது வீட்டில் சும்மா கிடப்பதைத் தூக்கி உள்ளே வைத்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன், மூன்றாவது திரையில்தான் மனம் நிறைந்தது. அந்த மூன்றாவது திரையைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டெல் 2007எஃப்பி, 20.1 இன்ச், 1600க்கு 1200 புள்ளிகள், 4:3 வடிவம் (அகலம் நான்கு பங்கு என்றால் உயரம் மூன்று). பழையது. மலேசியாவில், பினாங்குத் தீவில் கொம்தார் கட்டடத்துக்கு அருகே பழைய கம்ப்யூட்டர் விற்கும் ஒரு கடையில் 130 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் வந்த ஆட்டங்களுக்காக மட்டும் பெட்டி செய்கிறீர்கள் என்றால், எல்சிடி திரைகளில் இதைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இதுவரை பார்க்கவில்லை. புதிய ஆட்டங்களும் ஆட வேண்டும் என்றால் கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வடிவம். பழைய ஆர்கேட் ஆட்டங்கள் கிட்டத்தட்ட எல்லாமே 4:3 படக்குழாய்க்காக வரையப்பட்டவை. 1991இல் வந்த ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2ஐ எடுத்துக்கொள்ளுங்கள், அதன் படம் 384க்கு 224 புள்ளிகள். கணக்குப் போட்டால் இது அகலத்திரை மாதிரித் தெரியும், 16:9க்குப் பக்கத்தில் வருகிறது. ஆனால் கடையில் நாம் டோக்கன் போட்டு ஆடிய பெட்டியில் அந்த 384 புள்ளிகளும் 4:3 கண்ணாடிக்குள் நெருக்கி அடைக்கப்பட்டிருந்தன, ஓவியர்களும் அந்த நெருக்கத்தை மனதில் வைத்துத்தான் வரைந்தார்கள். அதை அப்படியே அகலத்திரையில் விரித்துப் போட்டால் அதில் சண்டை போடும் ரியூவுக்குத் தொப்பை வந்துவிடும், வட்டமாக இருக்க வேண்டியது முட்டை வடிவமாகிவிடும். இதைக் கவனிக்காமல் பல வருடமாக ஆடுகிறவர்களை எனக்குத் தெரியும், ஒருமுறை 4:3இல் காட்டினால் பிறகு அவர்களால் திரும்பிப் போக முடிவதில்லை.

சரி, அகலத்திரையிலும் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டு 4:3 படம் வைக்கலாமே என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் பெட்டியின் அகலம் என்று ஒன்று இருக்கிறதே.

என் அண்ணன் புக்கிட் மெர்தாஜாமில் தச்சு வேலை செய்கிறார், பெட்டியை அவர் பட்டறையில்தான் அறுத்தோம். நான் வரைபடத்தோடு போய் நின்றதும் அவர் வரைபடத்தைப் பார்க்கவே இல்லை. "பெட்டிய விடு தம்பி. உள்ள என்ன கண்ணாடி வருதுன்னு கொண்டு வந்து காட்டு, அப்புறம் பலகை அறுக்கலாம்" என்றார். அப்போது எனக்கு அது எரிச்சலாகத்தான் இருந்தது. இரண்டு திரை மாற்றிய பிறகு, இதைவிட நல்ல அறிவுரையை யாரும் எனக்குச் சொல்லவில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அளவுநாடாவை வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். புதிய 24 இன்ச் அகலத்திரையின் படப்பரப்பு 53 சென்டிமீட்டர் அகலம், உயரம் 30 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இந்தப் பழைய 20.1 இன்ச் திரையின் அகலம் 41க்குள் அடங்கிவிடுகிறது, உயரமோ 30.6. அதாவது பெயருக்குச் சின்னதாக இருக்கும் திரைதான் உயரத்தில் பெரியது! 24 இன்ச் அகலத்திரைக்குள் 4:3 படம் வைத்தால் மூலைக்கு மூலை 19.6 இன்ச்தான் கிடைக்கும், அதற்காகப் பெட்டியை 10 சென்டிமீட்டருக்கு மேல் அகலமாக்க வேண்டும். என் வீடு பிறை ஊரில் ஒரு அடுக்குமாடி, பெட்டி நிற்கும் இடம் சாமி அறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள சுவர். அங்கே 10 சென்டிமீட்டர் என்பது ஆள் நடக்கும் வழி. உள் அகலத்தை 50 சென்டிமீட்டரில் நிறுத்த முடிந்தது இந்தத் திரையால்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து ஆர்கேட் பெட்டிகள் பலவற்றில் இருந்தது 19 இன்ச் படக்குழாய்தான், கண்ணுக்குத் தெரியும் பகுதி அதையும்விடக் கொஞ்சம் குறைவு. சின்ன வயதில் அண்ணாந்து பார்த்ததால் நம் ஞாபகத்தில் அது பெரிதாக நிற்கிறது. 20 இன்ச் என்பது குறைவே இல்லை.

முதலில் நான் வைத்துப் பார்த்தது கூடத்தில் இருந்த 32 இன்ச் டிவி. படம் பெரிது, உள்ளே வைத்தால் 4:3இல் 26 இன்ச் கிடைக்கும், அது உண்மை. ஆனால் படப்பரப்பே 70 சென்டிமீட்டர் அகலம், பெட்டி துணி அலமாரி மாதிரி ஆகிவிடும். அதைவிடப் பெரிய பிரச்சினை தாமதம். பட்டன் அழுத்துவதற்கும் திரையில் குதிப்பதற்கும் நடுவில் ஏதோ ஒரு ரப்பர் கயிறு கட்டியது போல இருந்தது. டிவிக்கள் படத்தை அழகுபடுத்துவதற்காக உள்ளே சில ஃபிரேம்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன, 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 படம் காட்டும் வேகத்தில், ஒரு ஃபிரேம் என்பது 16.7 மில்லி விநாடி, நான்கைந்து சேர்ந்தால் கைக்குத் தெரிந்துவிடும். கேம் மோடு போட்டதும் பாதி சரியானது. மீதிப் பாதி போகவே இல்லை. அதோடு சுவிட்சை அணைத்துப் போட்டால் ரிமோட்டில் அழுத்தினால்தான் டிவி மறுபடி எழும், மூடிய பெட்டிக்குள் இருக்கும் திரைக்கு இது பெரிய தொல்லை.

இரண்டாவது, வேலையிடத்தில் ஒதுக்கிப் போட்ட 19 இன்ச் மானிட்டர், 1280க்கு 1024, டிஎன் வகை. இலவசம். தாமதம் இல்லை, அகலமும் குறைவு. நான் நின்று ஆடியபோது நன்றாகவே இருந்தது, இதுதான் என்று நினைத்து முன்பலகையில் ஓட்டையும் போட்டுவிட்டோம். அப்புறம் என் மகள் வந்து நின்றாள், எட்டு வயது, அவள் தலை என் மார்பு உயரம்கூட வராது. "அப்பா, ஏன் எல்லாம் கறுப்பா இருக்கு?" என்றாள். எனக்குப் புரியவில்லை. திரையைத் துடைத்தேன், வெளிச்சத்தைக் கூட்டினேன். "இன்னும் கறுப்பாத்தான் இருக்கு" என்றாள். கடைசியில் அவள் பக்கத்தில் மண்டியிட்டு, அவள் கண் உயரத்தில் என் கண்ணை வைத்துப் பார்த்தேன். முகங்கள் எல்லாம் ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி, வெளிச்சமான இடம் மங்கி, இருட்டான இடம் விசித்திரமாக மின்னியது. அவள் பத்து நிமிடமாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டுதான் ஆடியிருக்கிறாள்.

டிஎன் திரைகளின் குணமே அதுதான். நேராகப் பார்த்தால் சரி, கீழேயிருந்து பார்த்தால் நிறம் புரளும், மேலேயிருந்து பார்த்தால் வெளுக்கும். மேசையில் உட்கார்ந்து ஒரே ஆள் பார்க்கும் வேலைக்குப் பரவாயில்லை. ஆர்கேட் பெட்டியில் உயரமான ஆளும் வருவார், குழந்தையும் வரும், இரண்டு பேர் பக்கவாட்டில் தள்ளி நிற்பார்கள், மூன்றாவது ஆள் தோளுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்ப்பார். நிற்கும் திரை வேண்டும் என்று அதை 90 பாகை திருப்பி வைத்தால் இன்னும் மோசம், இடப்பக்கம் நிற்பவருக்கு ஒரு நிறம், வலப்பக்கம் நிற்பவருக்கு வேறு நிறம். அதனால் என் கணக்கில் இரண்டு நிபந்தனைதான்: வடிவம் 4:3, பேனல் (படம் காட்டும் தகடு) ஐபிஎஸ், அதாவது எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நிறம் அவ்வளவாக மாறாத வகை. மற்றதெல்லாம் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

4:3, ஐபிஎஸ், 20 இன்ச் என்று தேடினால் இன்று கடையில் புதிதாக எதுவும் கிடைக்காது. அலுவலகங்களுக்காக இருபது வருடத்துக்கு முன் செய்யப்பட்ட உயர்தர மானிட்டர்கள்தான் வழி. எச்பியின் எல்பி2065, டெல்லின் 2007எஃப்பி இரண்டும் அந்த வகை, இரண்டுமே 1600க்கு 1200. எனக்கு அகப்பட்டது டெல். இதில் ஒரு விஷயம் தெரிந்து வாங்க வேண்டும்: ஒரே மாடல் எண்ணில் இரண்டு வகைப் பேனல் வந்தது, சிலவற்றில் எல்ஜி பிலிப்ஸின் எஸ்-ஐபிஎஸ், சிலவற்றில் சாம்சங்கின் எஸ்-பிவிஏ. பெட்டிக்கு ஐபிஎஸ்தான் நல்லது. பிவிஏ கறுப்பை ஆழமாகக் காட்டும், ஆனால் நேராகப் பார்க்கும்போது இருட்டான இடங்களில் உள்ள நுணுக்கம் விழுங்கப்பட்டு, தலையைச் சாய்த்தால் வெளியே வரும்.

லோரோங் கூலிட் பழைய பொருள் சந்தைக்கும் ஒரு ஞாயிறு காலை போய்ப் பார்த்தேன். மானிட்டர்கள் இருந்தன, விலையும் குறைவு, ஆனால் அன்று செருகிப் பார்க்க வழி இல்லை, எரியாத திரையைப் பார்த்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். அதனால்தான் கொம்தார் பக்கத்துக் கடை. அங்கே சுவரோரமாக மானிட்டர்களைப் புத்தகம் மாதிரி செங்குத்தாக அடுக்கி வைத்திருந்தார்கள், அகலத்திரைகள் முன்வரிசையில், 4:3 எல்லாம் கடைசியில் தூசியோடு. பெட்டிக்குள் ஆட்டங்களை ஓட்டும் ராஸ்பெரி பை என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டையும் கேபிளையும் நான் கையோடு கொண்டுபோயிருந்தேன், கூடவே முழு வெள்ளை, முழுக் கறுப்பு, முழுச் சாம்பல் என்று மூன்று படம். கடைக்கார அங்கிள் ஒரு பிளக்கைக் காட்டி "நிதானமா பாரு" என்பதுபோலக் கையசைத்துவிட்டுப் போய்விட்டார், நானும் நிதானமாகவே பார்த்தேன்.

போட்டதும் திரை லேசாகச் சிவந்து மங்கலாக இருந்தது. இது பழுது இல்லை. இந்த மானிட்டர்களில் பின்னொளி எல்இடி அல்ல, சிசிஎஃப்எல் என்ற மெல்லிய குழல்விளக்கு, அது சூடேறி முழு வெளிச்சம் தரச் சில நிமிடம் ஆகும். ஐந்து நிமிடம் காத்திருந்தேன். வெள்ளைப் படத்தில் மஞ்சள் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து ஒப்பிட்டேன். கறுப்புப் படத்தைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் போய் நின்றேன், மூலையிலிருந்து பார்க்கும்போது கறுப்பின் மேல் வெளிறிய ஒரு பளபளப்பு படர்ந்தது, ஐபிஎஸ் என்று மனதுக்குள் குறித்துக்கொண்டேன். சாம்பல் படத்தில்தான் பழைய அலுவலக மானிட்டரின் உண்மை வெளியே வரும்: வருடக்கணக்காக ஒரே மென்பொருள் திறந்திருந்தால் அதன் பட்டைகள் நிழலாகப் பதிந்திருக்கும். முதலில் எடுத்த ஒன்றின் அடிப்பகுதியில் அப்படி ஒரு பட்டை தெரிந்தது, திருப்பி வைத்தேன். இரண்டாவது சுத்தம். கடைசியாகக் காதைப் பின்பக்கம் வைத்துக் கேட்டேன், சீறல் சத்தம் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு, காடியின் பின்சீட்டில் திரை முகம் சாய்மானத்தைப் பார்க்கும்படி வைத்து, சீட் பெல்ட் போட்டுப் பாலம் ஏறினேன்.

இணைப்பு பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் எச்டிஎம்ஐ கிடையாது. டிவிஐ, விஜிஏ, எஸ்-வீடியோ, மஞ்சள் நிற ஏவி, இவைதான். எச்டிஎம்ஐயும் டிவிஐயும் உள்ளே ஒரே மாதிரியான சமிக்ஞைதான் என்பதால் சாதாரண மாற்றுக் கேபிள் போதும், 1600க்கு 1200 படமும் தடையில்லாமல் போகும். நான் முதலில் விஜிஏ போதும் என்று ஒரு மலிவான மாற்றியை வாங்கினேன், அதில் 1600க்கு 1200 வரவே இல்லை, கீழான அளவுகளில் மட்டும் வந்தது. டிவிஐ போடுங்கள், தலைவலி இல்லை. ஒலி மட்டும் தனி. ராஸ்பெரி பை 4இல் 3.5 மில்லிமீட்டர் ஒலித்துளை இருக்கிறது, அதிலிருந்து ஒரு சின்ன ஸ்பீக்கருக்கு இழுத்துவிட்டேன். பை 5 வாங்குகிறவர்கள் கவனிக்கவும், அதில் அந்தத் துளை இல்லை.

இனிப் படம். எனக்கு இதைப் பற்றி எவ்வளவு பேசினாலும் போதாது. பழைய ஆட்டங்களின் படம் பெரும்பாலும் 224 அல்லது 240 வரி உயரம். 1200ஐ 240ஆல் வகுத்தால் சரியாக 5. ஒவ்வொரு வரிக்கும் திரையில் ஐந்து வரிசை, மிச்சம் இல்லை. 224 வரி ஆட்டத்துக்கு ஐந்து மடங்கு 1120, மேலும் கீழும் 40 வரிசை கறுப்பாக நிற்கும், ஆடும்போது கண்ணுக்கே தெரியாது. 1080 வரிசை உள்ள திரையில் 240ஐ நான்கரை மடங்காக்க வேண்டியிருக்கும், சில வரி தடிமனாகவும் சில வரி மெலிவாகவும் விழும், படம் நகரும்போது அலை அடிப்பதுபோல இருக்கும். படக்குழாயில் தெரியும் அந்தக் கறுப்பு இடைக்கோடுகளைப் போட ஆசைப்படுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு ரொம்ப முக்கியம். ஐந்தில் ஒரு வரிசையை இருட்டாக்கினேன், மெட்டல் ஸ்லக் ஆட்டத்தின் வெடிப்புப் புகையில் ஒவ்வொரு நிறப் படியும் தனித்தனியாக, துணியில் நெய்தது போல நின்றது. அகலத்தில் மட்டும் முழுமடங்கு வராது, 384ஐ 1600க்கு இழுத்தால் 4.17 மடங்கு. புள்ளிகள் இவ்வளவு நெருக்கமாக இருப்பதால் அந்தக் குறை கண்ணில் படவில்லை. பழைய 1280 திரையில் பட்டது.

நிற்கும் ஆட்டங்கள்? 1980இன் பேக்மேன், 1981இன் கலாகா எல்லாம் 224க்கு 288, நிற்கும் திரைக்காகச் செய்தவை. படுத்த திரையில் 288ஐ நான்கு மடங்காக்கினால் 1152, உயரம் நிறைந்துவிடுகிறது, அகலம் 22 சென்டிமீட்டர்தான். சின்னதுதான், மறைக்கவில்லை. என் மனைவிக்கு கலாகாதான் உயிர், அவள் இதுவரை குறை சொன்னதில்லை. நிற்கும் ஆட்டங்களே முக்கியம் என்றால் திரையை நிரந்தரமாக நிறுத்தி வைத்துவிடுங்கள், ஐபிஎஸ் என்பதால் நிறம் கெடாது. ஸ்டாண்டைக் கழற்றினால் பின்னால் 100 மில்லிமீட்டர் சதுரத்தில் நான்கு திருகுத்துளை இருக்கிறது, அண்ணன் ஒரு குறுக்குப் பலகையில் மாட்டிவிட்டார், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பி மாட்டலாம்.

படக்குழாய் டிவி வைக்கலாமே என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். படத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். 2019 அக்டோபர் 31உடன் நம் நாட்டில் அனலாக் ஒளிபரப்பு முழுதாக நின்றபோது எத்தனையோ நல்ல டிவிக்கள் குப்பைத்தொட்டி ஓரம் வந்தன, அப்போதே ஒன்றை எடுத்து வைத்திருக்கலாம். ஆனால் கனம், ஆழம், இங்குள்ள ஈரக்காற்று, பழுது பார்க்கும் ஆட்கள் குறைந்துபோனது எல்லாவற்றையும் யோசித்துப் பாருங்கள். முக்கியமாக, அனுபவம் இல்லாதவர்கள் அதன் மூடியைக் கழற்றவே கூடாது. உள்ளே இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் குழாயில் மின்சாரம் தங்கியிருக்கும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதைத் திறந்த நிலையில் மரப்பெட்டிக்குள் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

எட்டு மாதத்தில் கண்ட குறைகளையும் சொல்கிறேன். கறுப்பு முழுக் கறுப்பு அல்ல, இரவில் விளக்கை அணைத்துவிட்டு ஆடினால் சாம்பல் தெரியும். விளக்கு எரியும் அறையில் தெரியாது. குழல்விளக்கு என்பதால் சூடு அதிகம், பெட்டியின் பின்பலகையில் மேலே ஒரு 12 சென்டிமீட்டர் விசிறியும் கீழே காற்றுத்துளையும் வைத்தோம், வைக்காமல் விடாதீர்கள். வேகமாக ஓடும் ஆட்டங்களில் லேசான இழுபடல் உண்டு, இன்றைய கேமிங் திரைகளின் வேகம் இதில் இல்லை. உத்தரவாதம் கிடையாது, வாங்கிய பிறகு உங்கள் பொறுப்பு. நல்ல விஷயம், என்னிடம் இருப்பது மின்சாரம் போய் வந்தால் தானாக எழுந்துகொள்கிறது, ஒரே சுவிட்சில் பெட்டி முழுவதும் உயிர் பெறுகிறது. வாங்கும்போது இதையும் கடையிலேயே பிளக்கைப் பிடுங்கிச் செருகிப் பாருங்கள்.

முன்னால் 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் போட்டு, ஓரத்தைக் கறுப்பு அட்டையால் மறைத்தேன். மானிட்டரின் பிளாஸ்டிக் விளிம்பு மறைந்ததும் அது மானிட்டர் என்பதே மறந்துபோனது. திரையைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து வைத்ததால் முதல் வாரம் கூரை விளக்கு கண்ணாடியில் விழுந்தது. சாய்வை மாற்றவில்லை, விளக்கைத்தான் இடம் மாற்றினேன்.

யார் இதை வாங்கக் கூடாது? மோர்ட்டல் காம்பாட், ஆர்-டைப் போன்றவை 60இல் அல்ல, 55 ஹெர்ட்ஸ் அளவில் ஓடியவை, 60 ஹெர்ட்ஸ் மானிட்டரில் திரை உருளும்போது சின்னச் சின்னத் தடுக்கல் வரும். அவைதான் உங்கள் உயிர் என்றால், வேகத்தை ஆட்டத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளும் புதிய ஐபிஎஸ் மானிட்டரும் அதற்குப் பொருத்தமான கம்ப்யூட்டரும் வாங்குங்கள். புதிய அகலத்திரை ஆட்டங்களும் ஆட வேண்டும், இடமும் இருக்கிறது என்றால் 27 இன்ச் ஐபிஎஸ் எடுக்கலாம், 4:3 படமே 22 இன்ச் வரும். 24 மட்டும் வேண்டாம், பெட்டியும் அகலமாகும், படமும் பெரிதாகாது.

போன மாதம் அதே கடைக்குப் போனபோது அதே மாடலில் கடைசி ஒன்று இருந்தது. சாம்பல் படம், கறுப்புப் படம், வெள்ளைத்தாள் எல்லாம் மறுபடி வைத்துப் பார்த்து அதையும் வாங்கிவிட்டேன், இந்த முறை 110 வெள்ளி. பழைய போர்வையில் சுற்றி அலமாரிக்கு மேலே படுக்க வைத்திருக்கிறேன். பின்பக்கக் குறுக்குப் பலகையில் அண்ணன் நான்கு துளையையும் பென்சிலால் வட்டமிட்டு அளவு எழுதி வைத்திருக்கிறார், மாற்ற வேண்டிய நாள் வந்தால் நான்கு திருகு, ஒரு கேபிள், அவ்வளவுதான்.